பன்னிரண்டு சென்டுக்குள் நுழையாத சட்டம்

மதுரையிலிருந்து எந்தச் சாலை வழியாக வெளியே போனாலும் இன்று ஒரே காட்சிதான். மேலூர் சாலையானாலும் சரி, நத்தம் சாலையானாலும் சரி, அலங்காநல்லூர்ப் பக்கம் போனாலும் திருமங்கலம் பக்கம் போனாலும் சரி, நேற்று வரப்பு இருந்த இடத்தில் இன்று எல்லைக்கல் நிற்கிறது. நாற்று நட்ட வயலில் வண்ணக் கொடி நட்டிருக்கிறார்கள். “மனையோடு புத்தம் புது வீடு! பாங்கிக் கடன் நாங்களே வாங்கித் தருகிறோம்! பஸ் நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்!” என்று விளம்பரப் பலகை கூவுகிறது. எந்த வண்டியில் பத்து நிமிடம், எந்த நேரத்தில் பத்து நிமிடம் என்று பலகை சொல்வதில்லை.

அந்தப் பலகையை நின்று படிப்பவர் யார்? பணம் படைத்தவர் அல்ல. அவருக்குப் பலகை தேவையில்லை. தரகரே வீடு தேடிப் போவார். ஷிப்டு முடிந்து சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் திரும்புகிற தொழிலாளிதான் படிக்கிறார். சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு அலுத்துப்போன குடும்பம் அது. ஆண்டுக்கு ஒரு முறை வாடகை ஏறும். பையன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கமாக வீடு பார்த்துக் குடியேறினால், பதினோரு மாதத்தில் காலி செய்யச் சொல்வார்கள். அந்தக் குடும்பத்துக்குச் சொந்த வீட்டின்மீது ஆசை வருவது குற்றமா? இல்லவே இல்லை. நாம் அந்த ஆசையைக் கேலி செய்ய வரவில்லை. அந்த ஆசையை வைத்துப் பிழைப்போரிடமிருந்து அதைக் காப்பாற்றுவது எப்படி என்று பேசவே வந்தோம்.

மதுரைத் தொழிலாளிக்கு இந்த ஆசை புதிதல்ல. திருநகருக்குப் பக்கத்தில் ஹார்விபட்டி இருக்கிறதே, அது எப்படி வந்தது? 1920களில் மதுரா மில்ஸ் தொழிலாளருக்காக எழுந்த குடியிருப்பு அது. பெயரிலேயே மில் முதலாளியின் முத்திரை இருக்கிறது. மாதத் தவணை கட்டி வந்தால் வீடு தொழிலாளிக்கே சொந்தமாகும் என்பது ஏற்பாடு. பின்னர் அது பேரூராட்சியாகி, 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. பஞ்சாலையில் நூல் நூற்றவன் தன் பெயரில் ஒரு வீட்டைக் காண முடியும் என்பதற்கு அந்தத் தெருக்கள் சாட்சி.

ஆனால் அதில் ஒரு கேள்வியும் ஒளிந்திருந்தது. சம்பளம் தருகிறவனே வீட்டுக்கும் கடன்காரன் என்றால், அவனை எதிர்த்துக் குரல் எழுப்பத் தொழிலாளிக்குத் தொண்டை எங்கே இருக்கும்? இன்று அந்த இடத்தில் முதலாளி இல்லை, பாங்கி இருக்கிறது. ஆள் மாறினாலும் கேள்வி மாறவில்லை. அதைக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

கப்பலூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவரும் அவர் மனைவியும் சேர்ந்து மாதம் 35,000 ரூபாய் சம்பாதிக்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். வீடும் மனையும் சேர்ந்து 25 லட்சம். பாங்கி 20 லட்சம் கடன் தருகிறது. வட்டி நூற்றுக்கு எட்டரை. கெடு 20 ஆண்டு. மாதத் தவணை 17,356 ரூபாய். அதாவது குடும்ப வருமானத்தில் சரிபாதி.

முதல் மாதம் கட்டுகிற 17,356 ரூபாயில் வட்டிக்குப் போவது 14,166 ரூபாய். அசலில் குறைவது 3,190 ரூபாய்தான். பத்து ஆண்டு விடாமல் கட்டிய பிறகு கணக்கைப் பார்த்தால், கட்டியது 20 லட்சத்து 82 ஆயிரம். இன்னும் பாக்கி ஏறக்குறைய 14 லட்சம்! இருபது ஆண்டும் முடியும்போது கட்டியிருப்பது 41 லட்சத்து 65 ஆயிரம். 20 லட்சம் வாங்கியதற்கு வட்டி மட்டும் 21 லட்சத்து 65 ஆயிரம்.

கடன் போக மீதி 5 லட்சம் கைப்பணம். அதற்கு மேல் பத்திரச் செலவு. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்றத் தீர்வை 2, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 25 லட்சத்துக்கு இதுவே 2 லட்சத்து 25 ஆயிரம். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. மனை மட்டும் வாங்குவோருக்கு இது பயன்படும். நம் 25 லட்சம் வீட்டுக்கு எட்டாது. ஆக 7 லட்சத்துக்கு மேல் ரொக்கம் வேண்டும். எங்கிருந்து வரும்? வருங்கால வைப்பு நிதியிலிருந்து வரும். மனைவியின் கழுத்திலிருந்து வரும். ஊரில் இருக்கும் அரைக் காணியிலிருந்து வரும். ஒரு குடும்பம் இரண்டு தலைமுறையாகச் சேர்த்த அத்தனையும் ஒரே நாளில், ஒரே மேஜைமீது, ஒரே கையெழுத்தில் போகிறது.

மத்திய அரசாங்கம் 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0இல், நாட்டில் எங்கும் பக்கா வீடு இல்லாதவருக்கு வட்டி மானியம் உண்டு. ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள்ளும், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும், கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். கடனில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத மானியம். கூடினால் 1 லட்சத்து 80 ஆயிரம், அதுவும் ஐந்து ஆண்டுத் தவணையில். வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். நகர்ப்புறத் திட்டம் ஆதலால், வாங்கும் இடம் அதன் எல்லைக்குள் வருகிறதா என்று முதலிலேயே விசாரித்து, விண்ணப்பம் போட வேண்டியதுதான். ஆனால் 21 லட்சத்து 65 ஆயிரம் வட்டிக்கு முன்னால் அது எவ்வளவு என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இனித் தவணை தவறினால் என்ன ஆகும்? தொண்ணூறு நாள் பாக்கி விழுந்தால் அது வாராக் கடன். பிறகு 2002ஆம் ஆண்டின் சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதன் பின்னர், கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலே பாங்கி வீட்டை எடுத்துக்கொள்ள நடவடிக்கை தொடங்கலாம். மூன்று மாதச் சம்பளம் நின்றால் போதும், சொந்த வீடு ஆட்டம் காண்கிறது. மதுரையில் எத்தனை பஞ்சாலைகள் மூடப்பட்டதை நாம் பார்த்திருக்கிறோம்! தவணை கட்டும் தொழிலாளி வேலைநிறுத்த நோட்டீசில் கையெழுத்துப் போடுமுன் இரண்டு தரம் யோசிப்பதைச் சங்கத் தோழர்கள் அறிவார்கள். அவரைக் கோழை என்று ஏசிப் பயனில்லை. வீடு வாங்கும்போதே ஆறு மாதத் தவணைக்கான பணத்தைத் தொடாமல் தனியே வைக்கும்படி சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்ட முடிந்தால், இருபது ஆண்டுக் கடன் மூன்று ஆண்டுக்கு மேல் சுருங்கும். வட்டி மாறிவரும் கடனை முன்கூட்டி அடைப்பதற்குத் தனி மனிதரிடம் அபராதம் வசூலிக்க ரிசர்வ் பாங்கி இடந்தரவில்லை.

இவ்வளவு பெரிய சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்கிற மனிதருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு என்ன? இதுதான் இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயத்தின் மையம்.

சட்டம் இருக்கிறது. 2016இல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது; 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம் என்றே சொல்வோம். ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் மனையோ வீடோ விற்க விளம்பரம் செய்யவும் கூடாது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வாங்குவோர் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அந்த வேலைக்கே செலவிட வேண்டும். சொன்ன தேதியில் வீட்டைத் தராவிட்டால் பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்தில் குறை கண்டால், விற்றவர் தம் செலவிலேயே 30 நாளில் சரிசெய்ய வேண்டும்.

ஆனால் இந்தச் சட்டம் எல்லோருக்கும் பொருந்துமா? அங்கேதான் ஓட்டை. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாவிட்டாலும், வீடுகள் எட்டுக்கு மேற்படாவிட்டாலும் பதிவு தேவையில்லை என்று அந்தச் சட்டமே விலக்குத் தருகிறது. 500 சதுர மீட்டர் என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய 12 சென்ட்.

ஆனையூரிலும் விளாங்குடியிலும் அவனியாபுரத்திலும் ஒத்தக்கடையிலும் தொழிலாளியின் சக்திக்கு எட்டுகிற வீட்டை யார் கட்டுகிறார்கள்? ஆயிரம் வீடு கட்டும் பெருங்கம்பெனியா? இல்லை. பத்து சென்ட் வாங்கி, நான்காகப் பிரித்து, நான்கு வீடு கட்டி விற்கிற சிறு கட்டடக்காரர்தான். பத்து சென்ட், நான்கு வீடு: இரண்டும் விலக்குக்குள் அடக்கம்! ஆணையப் பதிவு எண் இல்லை. 70 சதவீதத் தனிக் கணக்கு இல்லை. கோடி ரூபாய் அடுக்குமாடி வாங்குகிறவருக்குக் குடை பிடிக்கிற சட்டம், 25 லட்சத்துக்குத் தன் வாழ்நாளை அடகு வைக்கிறவரை வெயிலில் நிறுத்திவிட்டுப் போகிறது. இது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

“சிறு கட்டடக்காரர்களும் பிழைக்க வேண்டாமா? மேஸ்திரிகளையெல்லாம் ஆணையத்துக்கு அலைக்கழிக்கலாமா?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்கிறோம். அவர்களில் மிகப் பலர் நாணயமானவர்கள். அவர்களிடம் கூலிவேலை செய்வோரும் நம்மவர்களே. நாணயமாகக் கட்டுகிறவருக்குப் பதிவினால் நஷ்டம் இல்லை. வாங்குவோரின் நம்பிக்கை கூடும். சிறியவர்களுக்குக் கட்டணத்தைக் குறையுங்கள், படிவத்தைச் சுருக்குங்கள், மதுரையிலேயே பதிய வசதி செய்யுங்கள். அதை விட்டுவிட்டு, பத்துப் பேர் நாணயமானவர் என்பதற்காகப் பதினொன்றாமவனுக்குக் கதவைத் திறந்து வைப்பது சரியல்ல.

இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. அரசாங்கம் அவசியம் என்று கருதினால் 500 சதுர மீட்டர், எட்டு வீடு என்ற வரம்பை இன்னும் கீழே இறக்கலாம் என்று அதே சட்டப் பிரிவு அதிகாரம் தந்திருக்கிறது. மாநில அரசாங்கம் மனம் வைத்தால் ஓர் அறிவிப்பில் முடிகிற காரியம். மூன்று வீட்டுக்கு மேல் கட்டி விற்பவர் எல்லோரும் பதிய வேண்டும் என்று அறிவிக்கட்டும் என்பதே நம் கோரிக்கை.

அது வரும்வரை என்ன செய்வது? சட்டம் காவாத இடத்தில் காகிதம்தான் காவல். தோழர்கள் இதை மனத்தில் பதித்துக்கொண்டு மற்றவருக்கும் சொல்ல வேண்டும்.

முதலாவது, வில்லங்கச் சான்று ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. பத்திர ஆபீசில் பதிவான வில்லங்கத்தைத்தான் அது சொல்லும். பதியாத உயிலையும், வாய்ப் பாகப்பிரிவினையையும், கோர்ட்டில் நடக்கும் எல்லா வழக்கையும் அது சொல்லாது. தாய்ப்பத்திரம் தொடங்கி இன்றுவரை ஒவ்வொரு கைமாற்றமும் சங்கிலி அறாமல் வருகிறதா என்று ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பவர் பத்திரத்தின்பேரில் விற்கிறார்கள் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்று கேளுங்கள். வக்கீலை நீங்களே பாருங்கள். விற்கிறவர் அழைத்து வரும் வக்கீல் விற்கிறவருடைய வக்கீல்.

இரண்டாவது, பட்டாவும் ‘அ’ பதிவேடும் புலப்படமும். இம்மூன்றையும் அரசாங்கத்தின் இணையதளத்தில் கைபேசியிலேயே பார்க்கலாம். சர்வே எண்ணுக்கு எதிரே கண்மாய், ஓடை, வாய்க்கால், புறம்போக்கு என்ற சொற்களில் ஒன்று இருந்தால், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். கோயில் நிலமா, பஞ்சமி நிலமா, பூமிதான நிலமா என்பதையும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறியுங்கள்.

மூன்றாவது, அங்கீகாரம். 2016 அக்டோபர் 20க்கு முன் வீட்டுமனையாகப் பதிவாகாத, அங்கீகாரம் பெறாத மனையைப் பதியச் சட்டம் இடந்தரவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போக, மனையை விவசாய நிலம் என்றோ, பிரிபடாத பங்கு என்றோ எழுதித் தருகிறோம் என்பார்கள். ஏன் அப்படி என்று கேளுங்கள். மனைப்பிரிவு அங்கீகாரம் வேறு, கட்டட அனுமதி வேறு, இரண்டும் வேண்டும். அனுமதி வரைபடத்தில் ஒரு மாடி, கட்டியிருப்பது இரண்டு மாடி என்றால், பின்னால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

நான்காவது, பணம் போகிற வரிசை. வீடு முடியுமுன்னரே மனையைக் கிரயம் செய்துவிட்டு, கட்டடத்துக்குத் தனி ஒப்பந்தம் போடுவது இங்கே வழக்கம். அப்படியானால் அஸ்திவாரம், லிண்டல் மட்டம், மேல்தளம், பூச்சு என்று வேலை நடந்த அளவுக்கே பணம் என எழுதுங்கள். கம்பி என்ன, சிமெண்ட் என்ன, எந்தத் தேதியில் சாவி என்பதையும் எழுதுங்கள். கைமாற்றாக ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பாங்கி வழியாகவே கொடுங்கள். ரசீது இல்லாத பணத்துக்குச் சாட்சி இல்லை.

காகிதத்தைப் பார்த்தாயிற்று; மண்ணையும் பாருங்கள். மதுரை கண்மாய்களின் ஊர். மாடக்குளம், வண்டியூர், செல்லூர் என்று நகரத்தைச் சுற்றி நம் முன்னோர் நீரைத் தேக்கி வைத்தார்கள். ஒரு கண்மாய் நிறைந்தால் அடுத்ததற்கு வாய்க்கால். வாய்க்காலில் வீடு கட்டினால் தண்ணீர் வழி மறக்குமா? 2024 அக்டோபர் 25 அன்று ஒரே நாள் மழையில் செல்லூர்ப் பக்கத்துத் தெருக்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நாடே பார்த்தது. அங்கே குடியிருந்தவர்கள் யாருக்கும் தீங்கு செய்தவர்கள் அல்லர், உழைத்து வாழ்கிறவர்கள். ஆகவே வீடு பார்க்கப் பங்குனி வெயிலில் போகாதீர்கள். ஐப்பசி மழை பெய்த மறுநாள் போங்கள். தரகரிடம் கேட்காதீர்கள், பக்கத்தில் ஆடு மேய்க்கும் பெரியவரிடம் “ஐயா, இங்கே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?” என்று கேளுங்கள். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதற்குரிய அஸ்திவாரம் போடாத வீட்டின் சுவரும் கூடவே வெடிக்கும். எந்த ஆழத்தில், எந்த வகை அஸ்திவாரம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

இவ்வளவும் பார்த்து வாங்கிய பிறகும் ஏமாற்றம் வந்தால்? ஆணையப் பதிவு இல்லாத சிறு வீட்டுக்காரருக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவை என்றே சொல்லப்பட்டிருக்கிறது. 50 லட்சம் வரை கொடுத்த பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். வக்கீல் இல்லாமல் தாமே வாதாடவும் உரிமை உண்டு.

ஆனால் தனி ஒருவராக நின்று இத்தனையும் செய்வது எளிதல்ல என்பதை அறிவோம். காலை ஷிப்டு போகிறவர் தாலுகா ஆபீசுக்கு எப்போது போவார்? ஆகவே கிளைத் தோழர்களுக்கும் சங்கத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தைத் திறந்து வையுங்கள். நில விவகாரம் தெரிந்த வக்கீல் ஒருவர், ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர், கட்டட மேஸ்திரி ஒருவர், இந்த மூவரை உட்கார வையுங்கள். வீடு வாங்க நினைப்பவர் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் காகிதக் கட்டோடு அங்கே வரட்டும். ஒரே மனைப்பிரிவில் நான்கு தோழர்கள் வாங்குவதானால் நால்வரும் சேர்ந்தே பேரம் பேசட்டும், சேர்ந்தே ஒப்பந்தம் எழுதட்டும். ஆலைக்குள் கூட்டாகக் கூலி கேட்கத் தெரிந்த நமக்கு, ஆலைக்கு வெளியே கூட்டாக வீடு வாங்கத் தெரியாதா?

அரசாங்கத்துக்கும் சொல்ல வேண்டியது உண்டு. 1961ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த வீட்டு வசதி வாரியம் மதுரையில் எல்லிஸ் நகரையும் வில்லாபுரம் குடியிருப்பையும் கட்டியது. தெளிந்த பத்திரம், வகுத்த தெரு, விட்ட பூங்கா என்று வாரிய வீட்டுக்கு இன்றும் ஒரு மதிப்பு இருக்கிறது. உச்சப்பட்டி–தோப்பூரில் துணை நகரம் என்று வாரியம் நிலம் எடுத்திருக்கிறது. அங்கே தொழிலாளியின் கூலிக்கு எட்டுகிற சிறு வீடுகள் எழட்டும். பஸ்ஸும் பள்ளிக்கூடமும் வீட்டோடு சேர்ந்தே வரட்டும். பொது நிறுவனம் நல்ல வீட்டை நியாய விலைக்கு விற்றால், தனியாரும் தம் விலையைப் பார்த்துச் சொல்ல வேண்டிவரும்.

உழைப்பவன் கேட்பது மாளிகை அல்ல. மூன்று சென்டில் ஒரு வீடு. கொட்டும் மழையில் ஒழுகாமல், வெள்ளத்தில் மிதக்காமல், வழக்கில் மாட்டாமல், தன் பிள்ளைக்குத் தைரியமாகக் கொடுத்துப் போகத் தக்க வீடு. பன்னிரண்டு சென்டுக்கு வெளியே நிற்கும் சட்டத்தை அந்த மூன்று சென்டுக்குள் அழைத்து வர வேண்டும். அதுவரை கையெழுத்துப் போடுமுன் காகிதத்தைப் படியுங்கள். தனியாகப் படிக்காதீர்கள், சேர்ந்து படியுங்கள்.